வல்லூறு கக்கிய நூல்

வல்லூறு கக்கிய பிறகுதான் அந்த வீட்டில் டீத்தண்ணீர் அடுப்பில் ஏறும். செப்டம்பர் பிறந்துவிட்டால் கருங்கடலோரத்து அந்த மலைச்சரிவு முழுக்க இதுதான் சட்டம். முந்தின நாள் தின்றதில் செரிக்காமல் நின்ற இறகு, எலும்பு எல்லாவற்றையும் வயிறு உருட்டித் திரட்டி வைத்திருக்கும். விடிந்ததும் பறவை தலையை நாலு உதறு உதறி, ஓர் உருண்டையாக அதைக் கக்கிப் போடும். உருண்டை விழுந்தால் பறவை சுகம். அதை உடைத்துப் பார்த்தால், நேற்று அது எங்கே விருந்து சாப்பிட்டது என்பது தெரிந்துவிடும். மனுஷனுக்கும் ஆண்டவன் இப்படி ஓர் ஏற்பாடு செய்திருந்தால் ஹோபா கடைத்தெருவில் பாதிப் பேர் காலையில் வெளியே தலைகாட்ட மாட்டார்கள் என்பார் நாஜியேயின் அப்பா. துணிக்கடை வைத்திருந்தவர். தெரிந்துதான் சொல்லியிருப்பார்.

அன்று காலை இஸ்கெந்தெர் அந்த உருண்டையைச் சாஸரில் வைத்து முள்கரண்டியால் பிரித்தான். பிரித்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணி, இங்க கொஞ்சம் வாங்க."

நாஜியே மக்காச்சோள மாவில் தோய்ந்த கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். சாம்பல் இறகுக்கும் பொடி எலும்புக்கும் நடுவே ஒரு விரல் நீளத்துக்கு நீலக் கம்பளி நூல் சுருண்டு கிடந்தது.

"என்ன அது?" என்றாள், தெரியாதவள்போல.

"இது அண்ணனோட ஸ்வெட்டர் நூலு."

உள்ளறையிலிருந்து மாமியார் ஹவ்வாவின் குரல் வந்தது. "என்னடா அங்க குசுகுசுன்னு? பறவை கக்கிச்சா இல்லியா? டீ இல்லாம எனக்கு மண்டை இடிக்குது."

பறவை முந்தின நாள்தான் மேட்டில் வலையில் விழுந்தது. அதைப் பிடிக்க ஒரு சங்கிலி இருக்கிறது. முதலில் ஈரமண்ணைத் தோண்டிப் பிள்ளைப்பூச்சி பிடிக்க வேண்டும். பிள்ளைப்பூச்சியைக் காட்டிக் கீச்சான் குருவியைப் பிடிக்க வேண்டும். கீச்சானைக் குச்சியில் கட்டிச் சிறகடிக்க வைத்து வல்லூறைப் பிடிக்க வேண்டும். வல்லூறை வைத்துக் காடை பிடிக்க வேண்டும். பூச்சியில் முதல் போட்டுக் காடையில் லாபம் எடுக்கிற வியாபாரம். அந்த லாபத்தையும் பறவையே பாதி தின்றுவிடும். பருவம் முடிந்ததும், நெஞ்சில் சதை பிடித்த பறவையாகப் பார்த்துக் காலில் கட்டிய வாரை அறுத்து, வந்த வழியே தெற்கே போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். நெஞ்சு ஒட்டிய பறவையை விடுகிறவனுக்கு அந்த ஊரில் பெண் கொடுக்கமாட்டார்கள்.

போன வருஷம் இதே பருவத்தில் நாஜியேயின் புருஷன் யாகூப் வலைமேட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. மூன்று நாள் மூடுபனி. பனி விலகியபோது அவன் பதுங்கியிருக்கும் இலைக்குடிசை இருந்தது, வலை இருந்தது, கீச்சான்கூடக் குச்சியில் உயிரோடு இருந்தது. ஆளைக் காணோம். பள்ளம் பள்ளமாக இறங்கித் தேடியும் ஒரு செருப்புகூட அகப்படவில்லை.

அந்தச் சரிவில் இதற்கும் ஒரு முறை உண்டு. மேட்டில் காணாமல் போனவனுக்கு உடனே இறந்தவர்களுக்கான ஃபாத்திஹா ஓதமாட்டார்கள். அடுத்த பருவத்துப் பறவையை விடுகிறவரை அவன் கணக்கு திறந்தே இருக்கும். விட்ட மறுநாள் ஓதிவிடுவார்கள். அதன்பிறகு பெண்டாட்டி விதவை. நாஜியேயின் விஷயத்தில் ஹவ்வா அதற்கு அடுத்த படியையும் முடித்து வைத்திருந்தாள். பெண்டாட்டியை இழந்து தனியாக நிற்கும் இளையவன் இஸ்கெந்தெருக்கே அவளை நிக்காஹ் செய்து வைத்துவிடுவது. "ஒரே அடுப்பு, ஒரே கூரை. எதுக்கு ரெண்டு சோகம்?" என்பது அவள் வாதம்.

நாஜியேவுக்கு இஸ்கெந்தெர்மேல் குறை ஒன்றும் இல்லை. சாதுவான மனுஷன். கட்டில்காலில் இடித்துக்கொண்டால் கட்டிலிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். ஆனால் அவள் கடைத்தெருவில் வளர்ந்தவள். சரக்கைக் கண்ணால் பார்க்காமல் விலை முடிக்கிறவன் மடையன் என்பது அவள் பால்பல் முளைக்குமுன் கற்றது. ஆளைக் காணோம் என்பது வேறு, ஆள் இல்லை என்பது வேறு. யாகூப் ஒருகாலத்தில் அவள் அப்பா கடைக்கு வந்து ஒரே மஸ்லின் துண்டுக்கு மூன்று நாள் பேரம் பேசினான். கடைசியில் துணி வாங்காமல் அவளைக் கட்டிக்கொண்டு போனான். அப்படிப்பட்டவன் சொல்லிக்கொள்ளாமல் ஒரேயடியாகப் போவானா?

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். பறவை பிடிபட்ட சாயங்காலம் இஸ்கெந்தெர் தொழுகைக்குப் போயிருந்தான். அப்போது துணியில் சுற்றிக் குழந்தைபோல் கிடந்த வல்லூறின் அலகைப் பிரித்து, ஒரு துண்டு இறைச்சியை உள்ளே தள்ளினாள். அந்தத் துண்டில், யாகூப்புக்கு ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய நூலுருண்டையிலிருந்து ஒரு விரல் நூலைச் சுற்றியிருந்தாள்.

கணக்குப் போட்டுத்தான் செய்தாள். வெறும் இறைச்சி தின்றால் பறவைக்கு உருண்டை திரளாது என்று வேட்டைக்காரர்கள் துண்டில் கம்பளி சுற்றிக் கொடுப்பது வழக்கம். யாகூப் சோம்பேறி, தன் ஸ்வெட்டர் ஓரத்திலிருந்தே இழுத்துச் சுற்றுவான். வல்லூறு தானாகச் செத்துக் கிடப்பதைத் தொடாது, பிணத்தின் ஸ்வெட்டரைக் கொத்தியிருக்க வழியில்லை. எனவே புதுப்பறவையின் முதல் உருண்டையில் நீல நூல் இருந்தால், நேற்று அதற்கு யாரோ உயிருள்ள கையால் ஊட்டியிருக்கிறார்கள். அந்தக் கை யாருடையது என்பதை ஊர் சொல்லிக்கொள்ளும்.

ஊர் சொன்னது. பறவை பார்ப்பதில் பெயரெடுத்த மூஸா, டீக்கடையிலிருந்து பாதி ஊரை இழுத்துக்கொண்டு வந்தார். ஹேசல்கொட்டை மூட்டையில் கைவிட்டுப் பார்க்கும் தரகர்போல, பறவையின் நெஞ்செலும்பின் இரு பக்கமும் விரலை ஓட்டினார்.

"வடக்கேருந்து கடலைச் சுத்தி வந்த பறவை மாதிரி இல்லையே. வழிப்போக்கனுக்கு இந்தச் சதை ஏது? கல்யாண வீட்டுச் சமையக்காரன் மாதிரில்ல இருக்கு."

"அப்ப?" என்றான் இஸ்கெந்தெர்.

"அப்ப என்ன அப்ப? இது யாரோ உக்காந்து ஊட்டுன பறவை. ஏலேய், உங்கண்ணன் எங்கயோ இருக்கான்."

ஹவ்வா எழுந்தாள். அடுப்பங்கரைக்குப் போய், நெத்திலி பொரித்த சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வருஷமாக யார் கெஞ்சியும் ஒழுங்காகத் தின்னாதவள் முள்ளோடு மென்று தின்றாள். மேடெல்லாம் ஆட்கள் யாகூப் பெயரைக் கூவிக்கொண்டு அலைந்தார்கள். நாஜியேவுக்கு உள்ளுக்குள் ஒரு வியாபாரியின் திருப்தி. கொஞ்சம் கல்லைக் கலந்தோம், ஆனால் எடை நின்றுவிட்டது.

மறுநாள் காலை, உருண்டையில் மறுபடியும் நீல நூல் இருந்தது.

நாஜியே சாஸரையே பார்த்தாள். முந்தின நாள் அவள் பறவைப் பக்கம் போகவே இல்லை. இஸ்கெந்தெர் தன் கையால் ஒரு காடை நெஞ்சை ஊட்டினான், அவ்வளவுதான். முதல் நூலுக்குக் கணக்கு இருந்தது. இந்த நூலுக்குக் கணக்கே இல்லை. வீட்டுக்குள் கட்டிக் கிடக்கும் பறவைக்கு மேட்டிலிருந்து யார் வந்து ஊட்டுவது?

"இன்னிக்கும் வந்திருக்கு," என்றான் இஸ்கெந்தெர், தரையைப் பார்த்தபடி.

"வரட்டும்," என்றாள் ஹவ்வா. "வர்றதை ஏன்டா கேள்வி கேக்கறீங்க? டீ போடு, கடைக்காரன் மவளே."

அதற்கப்புறம் மழை பிடித்தது. கருங்கடல் மழை ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் கடன்காரன் மாதிரி, எழுந்து போகாது. ராத்திரி மழையில் கடல் கடந்து வந்த காடைகள் விடிகாலையில் சோளக்கொல்லைகளில் தொப்பென்று விழுந்து கிடந்தன. இஸ்கெந்தெர் வல்லூறைக் கையில் ஏந்திப் போனான். முதலில் பறவையின் கால்மணிச் சத்தம், பிறகு ஓர் இறகுச்சத்தம். திரும்பி வரும்போது இடுப்புக்கயிற்றில் காடைகள் தொங்கின. நாஜியே அவற்றை வெண்ணெயில் வதக்கினாள், கருங்கோசு சூப் வைத்தாள், சோளமாவும் பாலாடைக்கட்டியும் போட்டுக் களி கிளறினாள். மழை விட்ட இடைவெளிகளில் மேட்டுக்கு மேலே வானம் திறக்கும். அப்போது பருந்தும் வல்லூறும் கழுகுமாக ஆயிரக்கணக்கில் சுற்றிச் சுற்றித் தெற்கே நகரும். ஒரு கூவல் கிடையாது. அத்தனை பெரிய ஊர்வலம், அதில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் ஒரு கவளம் இல்லை. பசியோடு போகிற கூட்டம் இத்தனை அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

வீட்டுப் பறவையோ நாளுக்கு மூன்று தடவை தின்றது. ஆனால் இளைத்துக்கொண்டே போனது.

அதன் தின்கிற முறையும் நாஜியேவுக்குப் பிடிக்கவில்லை. மற்ற வல்லூறுகள் இரையைச் சிறகால் மூடிக்கொண்டு, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று முறைத்தபடி தின்னும். இது ஒவ்வொரு துண்டுக்கும் தலையைத் தூக்கி, ஊட்டுகிறவனின் தோளுக்கு மேலாக, வாசல் பக்கம் பார்க்கும். அங்கே நிற்கிற யாரோ தலையசைத்ததுபோல, பிறகுதான் விழுங்கும். நாஜியே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஈரம்தான் இருந்தது. மூன்றாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

மூஸா மறுபடி வந்து நெஞ்செலும்பைத் தடவினார். விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"கத்தி மாதிரி இருக்கே. என்னடா போடுறே இதுக்கு? பட்டினியா?"

"இல்ல மாமா. காடை, மாட்டு இதயம், ஈரல். என்னைவிட நல்லா சாப்பிடுது."

"உன்னைவிட யாருதான் நல்லா சாப்பிடல?" என்றவர் சிரிக்கவில்லை. "பூச்சி இருந்தா எச்சம் பச்சையா இருக்கும். இது வெள்ளையா சுத்தமா இருக்கு. கண்ணு தெளிவா இருக்கு. நோவு இல்ல." குரலைத் தாழ்த்தினார். "இது ரெண்டு வயித்துக்குத் திங்குது இஸ்கெந்தெர். இப்படியே போனா பருவம் முடியறப்ப விடவும் முடியாது, வெச்சிருக்கவும் முடியாது. இது செத்தா, நூலு வந்திருந்தாலும் சரி, மறுநாள் ஓதித்தான் ஆகணும். முறை அப்படி."

அது நாஜியே காதிலும் விழுந்தது. பறவை செத்தால் யாகூப்பும் அதோடு செத்தான்.

நீல நூல் சில காலைகளில் வந்தது, சில காலைகளில் வரவில்லை. அவள் பெட்டியைத் திறந்து தன் நூலுருண்டையைப் பார்த்தாள். அவள் வெட்டிய ஒரு விரலைத் தவிர ஒன்றும் குறையவில்லை. அப்புறம், மழை ஓய்ந்து முதல் குளிர் இறங்கிய காலையில், சாஸரில் அவள் முள்ளில் வேறொரு நூல் சிக்கியது. மெல்லிய பருத்தி நூல். புகையிலை நிறம்.

அவள் கையிலிருந்த முள் சாஸரில் கணீரென்று விழுந்தது.

யாகூப் மேட்டுக்குப் போன அன்று விடிகாலையில், ஸ்வெட்டரின் அக்குளில் கிழிசல் இருப்பதைப் பார்த்தாள். கைக்கு நீல நூல் அகப்படவில்லை. அப்பா கடையிலிருந்து வந்த புகையிலை நிற நூலால் உள்பக்கமாக இழுத்துத் தைத்து, முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவன் அப்படியே போட்டுக்கொண்டு, மேலே கோட்டு மாட்டிக்கொண்டு போனான். தைத்தவளுக்கும் போட்டவனுக்கும் மட்டுமே தெரிந்த தையல். இந்த நூலின் ஒரு முனையில் சின்ன முடிச்சு இருந்தது. முடிச்சுக்கு அந்தப் பக்கம் நசுங்கி இருந்தது, பல்லால் கடித்ததுபோல.

அன்று மத்தியானம் மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போனதும், இஸ்கெந்தெரைத் தூண்கள்மேல் நிற்கும் தானியக்கொட்டிலுக்குக் கீழே கூப்பிட்டாள். கொட்டை உரித்துக்கொண்டிருந்தவன், தொப்பியில் கொட்டைகளோடே வந்தான்.

"இஸ்கெந்தெர், நான் ஒண்ணு சொல்றேன். கத்தக்கூடாது."

"நான் என்னிக்கு அண்ணி கத்தியிருக்கேன்?"

"மொத நாள் நூலு நான் வெச்சது."

அவன் ஒரு கொட்டையை வாயில் போட்டுக் கடித்தான். "தெரியும்."

"தெரியுமா?"

"ஒரு வருஷம் மழையில நனைஞ்ச நூலு அவ்வளவு பளிச்சுன்னா இருக்கும்? உங்க பெட்டியில வெக்கிற லாவெண்டர் வாசம் வேற. எந்த வல்லூறு லாவெண்டர் பூசிக்குது?"

நாஜியேவுக்கு முகம் சிவந்தது. கடைக்காரன் மகள், கல்லைக் கழுவாமல் கலந்துவிட்டாள். "அப்ப ஏன் வாயத் திறக்கல?"

"அம்மா நெத்திலி தின்னா. நீங்க பாத்தீங்கள்ல?" அவன் தொப்பியைக் கீழே வைத்தான். "அவ ஒழுங்கா தின்னு ஒரு வருஷமாச்சு அண்ணி. மறுநா நூலு வரலேன்னா மறுபடி சுவத்தைப் பாத்துப் படுத்துருவாளோன்னு, நான் வெச்சேன்."

"நீயா!"

"எனக்கும் அண்ணனுக்கும் ஒரே நூல்லதானே பின்னிக் குடுத்தீங்க." கோட்டுக்கையைத் தள்ளிக் காட்டினான். உள்ளே நீல ஸ்வெட்டரின் மணிக்கட்டு ஓரம் எலி கடித்ததுபோல் தொங்கியது. "அம்மா முகம் வாடுறப்பல்லாம் கொஞ்சம் இழுப்பேன். இன்னும் ரெண்டு வாரம் போனா முழங்கை தெரிஞ்சிரும்."

நாஜியேவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. ஒரே சந்தையில் எதிரெதிர்க் கடை போட்டு, ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றி ஒரே கிழவிக்கு விற்றிருக்கிறார்கள். அவனும் சிரித்தான்.

"நிக்காஹ் விஷயத்துலயும் அண்ணி... தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அதட்டினா எனக்கு இன்னமும் பள்ளிக்கூட வாத்தியார் ஞாபகம்தான் வருது."

"சரிதான். எனக்கும் ஒண்ணும் உன்னைக் கட்டிக்கணும்னு விரதம் இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்தப் புகையிலை நூலு மட்டும் எங்கேருந்து பிடிச்சே? அதுல நான் பயந்தே போயிட்டேன்."

"எந்தப் புகையிலை நூலு?"

அவள் தலைத்துணி முனையிலிருந்த முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

இஸ்கெந்தெர் குனிந்து பார்த்தான். தொடவில்லை. "நான் நீலந்தான் வெச்சேன் அண்ணி," என்றான் மெதுவாக. "என் ஸ்வெட்டர்ல தையலே கிடையாதே."

கொட்டிலின் மேலே ஒரு சோளக்கதிர் தானாக உருண்டு பலகையில் தட்டியது. இருவரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். வீட்டுக்குள் பறவையின் மணி ஒருதரம் ஒலித்து நின்றது.

"அம்மா..." என்று இழுத்தான்.

"அம்மாவுக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியாது. அந்தத் தையலை அவங்க பாக்கவும் இல்ல."

"அப்ப யாரு?"

நாஜியே நூலை மறுபடி முடிந்துகொண்டாள். பயத்தையும் மீறி, அவள் ரத்தத்தில் ஊறிய ஒன்று கணக்குப் போட்டது. பறவை தின்கிறது, இளைக்கிறது. இங்கே போடுகிற இறைச்சி எங்கேயோ போய்ச் சேருகிறது. அதற்குப் பதிலாக ஒரு நூல் வந்திருக்கிறது. அது ஏன் தையல் நூலாக வர வேண்டும்? தையல் விட்டுப்போனால்தான் அந்த நூல் கையோடு வரும். அக்குள் கிழிந்திருக்கிறது. மேட்டில் நேற்றே உறைபனி.

"யாரோ ஒண்ணு கேக்கறாங்க," என்றாள். "கேட்டதை அனுப்பிப் பாப்போம்."

"எப்படி?"

"அது வந்த வழியில."

அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, ஹவ்வாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு நாஜியே ஈரலை நறுக்கினாள். மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஹவ்வா திட்டுவாள் என்று நினைத்தாள்.

"மொத நாளே தெரியும்," என்றாள் ஹவ்வா. "உன் மூஞ்சி என்ன, பூட்டின கடையா? எனக்கு நெத்திலி பசிச்சுது, தின்னேன். பேசாம நூலைச் சுத்து. அவனுக்கு வெங்காயம் ஆகாது, கத்தியைக் கழுவிக்கோ."

புதிதாக இரண்டு முழம் நீல நூல். அதோடு ஒரு முழம் புகையிலை நிற நூல், முனையில் முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்தது. ஈரல் துண்டுகளில் இறுக்கிச் சுற்றி இஸ்கெந்தெரின் கையில் கொடுத்தாள். இவ்வளவு நூல் ஒரே தடவையில் போனால் மறுநாள் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் குடலில் சிக்கிப் பறவை சாகும். கம்பளியைச் செரிக்கிற வல்லூறு உலகத்தில் இல்லை.

பறவை ஒவ்வொரு துண்டுக்கும் வாசலைப் பார்த்தது. விழுங்கியது. கடைசித் துண்டுக்கு முன்னால் நெடுநேரம் பார்த்தது. மூவரும் வாசல் பக்கம் திரும்பாமல், பறவையின் மஞ்சள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்ணில் வாசல் சின்னதாகத் தெரிந்தது. அதற்குமேல் உற்றுப் பார்க்க நாஜியேவுக்குத் துணிவில்லை.

வீட்டுக்கதவை உள்ளே தாழ்போட்டு, மூவரும் பறவை இருந்த அறையிலேயே படுத்தார்கள். ஆளுக்கு ஆள் காவல்.

விடிந்தது. வல்லூறு தலையை உதறியது. கழுத்து நீண்டு சுருங்கியது. உருண்டை பலகையில் விழுந்து உருண்டது.

இஸ்கெந்தெர் சாஸரைப் பிடித்தான். நாஜியே முள்ளால் பிரித்தாள். நேற்றுப் பகலில் தின்ற காடையின் பழுப்பு இறகு. ஒரு குட்டிக் கால் எலும்பு. இறகை இழை இழையாக நீவிப் பார்த்தாள். பிறகு பறவையின் கீழ்ப் பலகையையும், தரையையும், எச்சத்தையும் பார்த்தாள்.

நூல் இல்லை. நீலமும் இல்லை, புகையிலை நிறமும் இல்லை.

"உள்ள சிக்கியிருக்குமோ?" என்றான் இஸ்கெந்தெர் கவலையோடு. பறவையைக் கையில் எடுத்து நெஞ்செலும்பில் விரல் வைத்தான். விரல் அங்கேயே நின்றது. "அண்ணி, தொட்டுப் பாருங்க."

தொட்டாள். நேற்றுக் கத்தியாக இருந்த இடத்தில் இரு பக்கமும் சதை இருந்தது. பிடிபட்ட நாளில் இருந்ததுபோல, விரலைத் தள்ளுகிற கனத்த சதை.

பருவம் முடிந்துவிட்டதென்று மத்தியானம் மூஸாவும் ஊரும் மேட்டில் கூடி நின்றபோது இஸ்கெந்தெர் பறவையின் கால்வாரை அறுத்தான். மற்ற வல்லூறுகள் தலைக்கு மேலே தெற்குப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. இது அவற்றோடு சேரவில்லை. தாழப் பறந்து, மூடுபனி நிறைந்த பள்ளத்துக்குள், வீட்டுக்குப் போவதுபோல் அவசரமில்லாமல் இறங்கியது.

"நல்ல நெஞ்சு," என்றார் மூஸா. "எப்படிடா தேத்தினே?" பிறகு நாஜியே பக்கம் திரும்பினார். "சரி. முறைப்படி நாளைக்கு ஓதிரலாமா? நாஜியே, நீ என்ன சொல்றே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கின சரக்கைத் திருப்பி அனுப்பாதவன்கிட்ட கணக்கை முடிக்க முடியுமா மாமா?" என்றாள். "கடை திறந்தே இருக்கட்டும்."

மூஸாவுக்கு அது விளங்கவில்லை. ஹவ்வாவுக்கு விளங்கியது. அவள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஈரச்சரிவில் இறங்கத் தொடங்கினாள். பாதி வழியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, ரகசியம்போலக் கேட்டாள்:

"ஏ புள்ள, ஊசி அனுப்பினியா?"